மூச்சில்லாத பாவசங்கீர்த்தனம்

இது நடந்தது. எனக்கு நடந்தது. நான் கத்தோலிக்கக் குருவானவர். பேயும் இல்லை பிசாசும் இல்லை, போய்ப் படுங்கள் என்று பிரசங்கத்தில் சனத்தை நாற்பது வருடம் ஏசி வந்தவன். நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும், எனக்கு ஒரு நட்டமும் இல்லை.

எண்பத்தாறு, ஓகஸ்ட். மன்னார்க் கரையில் ஒரு பங்குக் கோயில். ஊர்ப் பெயர் வேண்டாம்; அந்தத் தாய்மாரில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். செவ்வாய் இரவு நடந்த இராணுவச் சுற்றிவளைப்பில் பதினொரு இளைஞர்களைப் பிடித்துப் போனார்கள். விடிந்ததும் முகாமுக்குப் போனேன். நாங்கள் ஒருவரையும் பிடிக்கவில்லையே என்றார் அதிகாரி. பிரஜைகள் குழுவுக்கு நான்தான் தலைவர். பதினொரு பெயரையும் தட்டச்சு செய்து ஆயருக்கும் கொழும்புக்கும் அனுப்பினேன். அடுத்த இரண்டு நாளும் முகாம் வாசலிலேயே திருப்பி விட்டார்கள்.

சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனம், சனம் வந்து பாவத்தை அறிக்கையிடும் நேரம். நாலு மணிக்குக் கோயிலுக்குள் பாவசங்கீர்த்தனத் தொட்டியில், அந்த மரக்கூண்டில், போய் உட்கார்ந்தேன். மணியடிக்கிற யோக்கீம் வாசற்படியில் சுருட்டோடு இருந்தார். ஊரே பயந்து அடைந்து கிடந்ததால் ஒருவரும் வரவில்லை.

நாலு இருபது.

டக்...

சப்பாத்துச் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

டக்...

ஒரு காலின் சத்தம் மட்டும் கேட்டது. மற்றக் கால் எங்கே?

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் யாரோ முழந்தாளிட்டார்.

தொட்டிக்குள் இருப்பவருக்கு ஆளின் முகம் சரியாகத் தெரியாது. மூச்சுத் தெரியும். வெற்றிலை, சாராயம், பல்வலி எல்லாம் வலை வழியே முகத்தில் அடிக்கும். இந்த ஆளிடம் அது இல்லை. ஒன்றுமே இல்லை...

"சுவாமி, நான் பாவி."

நீர்கொழும்புத் தமிழ். அந்தப் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கர் மீன்பாட்டுக் காலத்தில் எங்கள் கரையில் வந்து வாடி போட்டுத் தங்குவார்கள். அவர்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் ஒட்டிக்கொள்ளும். சப்பாத்தும் இந்தத் தமிழும் சேர, இவன் சிப்பாய் என்று விளங்கிவிட்டது.

"பதினொரு பேர் சுவாமி. குருசடிக்குப் பின்னால, பாழ்க்கிணத்துக்குள்ள. தள்ளினதில நானும் ஒருத்தன். கெதியா, உடனே போங்க."

யார் கட்டளையிட்டது, யார் சுட்டது, எல்லாம் சொன்னான். மூன்று நிமிடம் இருக்கும். நடுவில் ஒரு தடவைகூட அவன் மூச்சு வாங்கவில்லை.

"தம்பி, வெளிய வந்து இதைச் சொல்லும். இங்க சொன்னா நான் ஒருத்தருக்கும் வாய் திறக்கேலாது."

"வெளிய வர ஏலாது சுவாமி. கெதியாப் போங்க."

எழுந்துவிட்டான். பக்கக் கதவு வெளிச்சத்தில் முகத்தைப் பார்த்தேன். இருபது வயது. அரும்பு மீசை. புருவத்தில் பெரிய மச்சம். என் பார்வை அவன் இடுப்புக்குக் கீழே போகவில்லை... ஏனோ போகவில்லை.

டக்...

ஓடிப்போய் யோக்கீமிடம் கேட்டேன்.

"ஒருத்தரும் வரேல்லையே. நீங்கள் தனிய இருந்தெல்லோ கதைச்சியள்" என்றார்.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிர் போனாலும் வெளியே சொல்லக்கூடாது. கண்ணைக் காட்டிக்கூட உணர்த்தக்கூடாது. அதுதான் சட்டம். ஆறரைக்கு மதலேனம்மா வந்தார். பிடிபட்ட பிலேந்திரன் அவருடைய ஒரே மகன்.

"ஏதும் அறிஞ்சியளோ சுவாமி?"

செபம் சொல்லுங்கோ என்று அனுப்பிவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஞாயிறு பூசையில் அந்தப் பதினொரு தாய்மாரின் நாக்கிலும் நற்கருணை வைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பது. மறுபடியும் முகாம். அதிகாரி அன்றைக்கு மரியாதையாக உள்ளே கூப்பிட்டார். ஒரு கத்தோலிக்கச் சிப்பாயின் உடலை ஊருக்கு அனுப்ப வேண்டுமாம், ஒரு செபம் சொல்லிவிடச் சொன்னார்.

பெட்டியைத் திறந்தார்கள்.

அரும்பு மீசை.

புருவத்தில் மச்சம்.

போர்வை ஒரு முழங்காலுக்குக் கீழே தட்டையாக இருந்தது...

எப்போது என்று கேட்டேன். கண்ணிவெடி, வியாழன் காலை ஆறேகால் என்றார். மறுபடியும் கேட்டேன். வியாழன்தான் என்றார்.

எனக்கு அப்போது ஒன்று உறைத்தது. திருச்சபைச் சட்டப்படி செத்தவனுக்குப் பாவசங்கீர்த்தனம் உட்பட எந்த அருட்சாதனமும் இல்லை. அப்படியானால் நான் கேட்டது பாவசங்கீர்த்தனமே இல்லை. என் வாய்க்குப் பூட்டும் இல்லை! அவனுக்குச் சொல்லத் தொடங்கிய செபத்தைப் பாதியில் விழுங்கிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தேன்.

பதினொன்றரைக்கு ஊரே சிலுவை நட்ட அந்தக் குருசடிக்குப் பின்னால் நின்றது. நான் வெள்ளை அங்கியோடு முன்னால் நின்றேன், சுடுவதென்றால் முதலில் என்னைச் சுடட்டும் என்று. கயிறு இறக்கினோம். பதினொரு பேரும் இருந்தார்கள். நீதவான் வந்து பார்த்து, உடல்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

புதன்கிழமை ஆஸ்பத்திரி விறாந்தையில் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். பத்துப் பேர் செவ்வாய் இரவே இறந்துவிட்டார்கள். பிலேந்திரனுக்குச் சூடு பட்டது தோளில்தான். கிணற்றடியில் கணுக்கால் அளவு தண்ணீர் கிடந்திருக்கிறது. அதைக் குடித்துக்கொண்டு கிடந்தவன் ஞாயிறு இரவுதான் இறந்திருக்கிறான்.

அதை மதலேனம்மாவுக்கு நான்தான் சொன்னேன். அவர் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிணத்துக்குள்ள இருக்கினமெண்டு உங்களுக்கு எப்ப தெரியும் சுவாமி?"

"திங்கக்கிழமை" என்றேன்.