ஹாட் சாக்லேட்டும் மூன்று கிலோவும்

திருநெல்வேலியில் ஹாட் சாக்லேட் குடிப்பதற்கென்று ஒரு பருவம் கிடையாது. மார்கழியில்கூட விடியற்காலையில் கொஞ்ச நேரம் போர்வையைத் தேடுவோம், அவ்வளவுதான். ஆனாலும் போன வருஷம் பங்குனி வெயிலில், இந்த ஊரில் கிடைக்கிற ஹாட் சாக்லேட் அத்தனையையும் ஒன்றுவிடாமல் வாங்கி ருசி பார்த்த வீடு ஒன்று உண்டென்றால் அது எங்கள் வீடாகத்தான் இருக்கும். காரணம் என் அக்கா.

அக்கா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். அத்தான் காலமாகி, ஒரே மகனும் கனடாவுக்குப் போனபிறகு, பெருமாள்புரத்தில் என்னோடு வந்து இருக்கிறாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டில் இரண்டே பேர், ஆனால் நாலு பேருக்கான சண்டை நடக்கும். துவரம்பருப்பு வாங்க அக்கா மூன்று கடை ஏறி இறங்குவாள். ஒரு பருப்பை எடுத்துக் கடித்துப் பார்ப்பாள், விலை கேட்பாள், ஒன்றும் சொல்லாமல் அடுத்த கடைக்குப் போவாள். கூடப் போகிற எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

அவளுக்கு வயிற்றில் புற்று வந்து, ஆபரேஷன் முடிந்து, மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். இரண்டு தடவை ஏற்றியதும் உடம்பு பாதியாகிவிட்டது. மூன்றாவது தடவைக்குப் போனபோது டாக்டர் எடை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்த உடம்பு அடுத்த மருந்தைத் தாங்காதும்மா. மூணு கிலோ ஏறட்டும். அதுக்கப்புறம் கூட்டிட்டு வாங்க" என்றார். சாப்பாடு எவ்வளவு முடியுமோ அவ்வளவு, பாலும் இனிப்பும் தாராளமாகக் கொடுக்கலாம் என்றும் சொன்னார். சொல்வது சுலபம். இட்லியை வாயில் வைத்தால் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்று அக்கா தட்டைத் தள்ளிவிடுவாள்.

இதற்கிடையில் பாட்டில்கள் வந்துகொண்டே இருந்தன. எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போகமாட்டார்கள். ஒரு பை சாத்துக்குடி, ஒரு பாட்டில் சத்து பவுடர். இது எழுதாத சட்டம். அந்தப் பாட்டில்களை யாரும் முழுதாகக் குடித்து முடிப்பதும் இல்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டு நோயாளிக்குப் போய்க்கொண்டே இருக்கும். எங்களுக்கு வந்ததில் ஒன்றின் மூடியில் ஒரு நசுங்கல் இருந்தது. அதை நானே தீபாவளிக்கு முன்னால் வேறொரு வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போன ஞாபகம்.

அக்கா எல்லாவற்றையும் அலமாரியில் வரிசையாக அடுக்கச் சொன்னாள். ஒன்றைக்கூடத் திறக்க விடவில்லை.

"ஒவ்வொரு பாட்டிலும் ஒரு ஆளு வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுப் போனது. அதைக் கரைச்சு நான் குடிக்கணுமாக்கும்" என்றாள்.

எடை பார்க்கும் மிஷின் ஒன்று வாங்கி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா அதன்மேல் ஏறி நிற்பாள். குனிந்து பார்க்க மாட்டாள். மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு இறங்கிப் போய்விடுவாள். எவ்வளவு என்று கேட்கவும் மாட்டாள். அவள் கேட்காததால் நானும் சொல்லமாட்டேன். ஒருநாள் மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "போதும்ட்டி. மருந்தை இத்தோட நிறுத்திக்கிடுவோம்" என்றாள். கரண்ட் பில் கட்டியாயிற்றா என்று கேட்கிற அதே குரல். எனக்குப் பயமாகிவிட்டது. கூடவே கோபமும் வந்தது. பதில் சொன்னால் அழுதுவிடுவேன் என்பதால் துணியையே மடித்தேன்.

அந்த வாரம்தான் அக்கா மகன் வீடியோவில் பேசினான். கையில் ஒரு பெரிய கப், அதிலிருந்து ஆவி பறந்தது.

"என்னலே குடிக்கே?" என்று அக்கா கேட்டாள்.

"ஹாட் சாக்லேட்மா. இங்க பனி கொட்டுது."

"நல்லா இருக்குமா?"

ஒரு மாசமாகச் சாப்பிடுகிற பொருள் எதைப் பற்றியும் அவள் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டது கிடையாது. நான் அவன் சொன்ன பதிலைக்கூடக் கேட்கவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டை சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன்.

முதலில் கிடைத்தது பாக்கெட். வெந்நீரில் கலந்தால் போதும் என்று அதன்மேல் போட்டிருந்தது. அப்படியே கலந்து ஆற்றிக் கொடுத்தேன். அக்கா எதையும் அண்ணாந்துதான் குடிப்பாள். டம்ளரில் உதடு படக்கூடாது என்பது எங்கள் வீட்டில் பிறந்ததிலிருந்து உள்ள பழக்கம். நான் கல்லூரிக் கேன்டீனில் கெட்டுப்போனவள். அவள் கெடவில்லை. அண்ணாந்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டு, "சாக்லேட்டைக் குளிப்பாட்டின தண்ணி" என்றாள். மறுநாள் அதையே பாலில் கலந்து கொடுத்தேன். பரவாயில்லை என்றாள். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கத்தை வாசித்தாள். முதலில் எழுதியிருந்தது சீனி.

"இந்தக் காசுக்குக் கால் கிலோ சீனி வந்துருமே. பேருதான் சாக்லேட்டு. நம்மளை நல்லா ஏமாத்துதான்."

இப்படி ஒவ்வொரு குறையாகச் சொல்லிக்கொண்டே டம்ளரைக் காலி செய்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஒரு பொருளைக் குறை சொல்ல வேண்டுமானால் அதை முழுசாகப் பார்த்திருக்க வேண்டும் என்பது அவள் நியாயம். பாதி குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல அவளுக்கு மனசு வராது. சத்துக்காகக் குடி என்றால் குடிக்கமாட்டாள். எது ஒசத்தி என்று சொல்லு என்றால் குடிப்பாள்.

அடுத்ததாக ஒரு கோகோ டின் வாங்கினேன். இதில் சீனியே கிடையாது, வெறும் கசப்பு. சீனியை அவள் அவ்வளவு திட்டியிருந்ததால், நான் கெட்டிக்காரத்தனமாக உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டி, கொதிக்கிற பாலில் போட்டேன். பால் பொலபொலவென்று திரிந்துவிட்டது. கருப்பட்டிக் காப்பிக்கு யாரும் பால் ஊற்றிக் கொதிக்க விடுவதில்லை என்பது இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். கோகோ வெளிநாட்டுச் சரக்காயிற்றே, அதற்கு இந்த விதி பொருந்தாது என்று எப்படி நினைத்தேன் என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

அடுப்பங்கரையில் சத்தமே இல்லையே என்று அக்கா எழுந்து வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். கரண்டியை எடுத்தாள். திரிந்து ஒதுங்கியதைக் கொஞ்சம் அள்ளி வாயில் போட்டாள்.

"குடிக்கத்தான் முடியாது. திங்கலாம்" என்றாள்.

நின்றபடியே முக்கால்வாசியைத் தின்றுவிட்டாள். நான் வேறு பக்கம் திரும்பிக் கிண்ணம் கழுவினேன். பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று பயம்.

அக்கா மகன் கனடாவிலிருந்து அனுப்பிய ஹாட் சாக்லேட் டின் பார்சலில் வந்து சேர்ந்தது. மகன் சொன்னபடி பாலில் போட்டுக் காய்ச்சினால் பாயசம் போலக் கெட்டியாக வந்தது. அக்கா வழக்கம்போல அண்ணாந்தாள். ஒன்றும் விழவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். மொத்தமாக ஒரு கட்டி வந்து மோவாயில் விழுந்து, கழுத்தில் இறங்கி, சேலையில் நின்றது. நான் சிரித்துவிட்டேன். அவள் முறைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு டம்ளரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, உதட்டை வைத்து உறிஞ்சினாள். அவள் அப்படிக் குடித்து நான் பார்த்ததே இல்லை.

"இனிமே இந்த டம்ளர் எனக்கு மட்டுந்தான். நீ எடுக்காத" என்றாள், திரும்பாமலேயே.

ருசியில் அதுதான் முதல் என்று தீர்ப்பாயிற்று. ஆனால் மகனிடம் விலை கேட்டு, அதை ரூபாயில் மாற்றிப் பார்த்ததும் டின்னை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். அவன் காசு என்றாலும் காசுதானே என்றாள். நான் விடவில்லை. எனக்கு அந்தப் பாக்கெட்தான் பிடித்திருக்கிறது, கனடா டின் வெறும் பகட்டு என்று வேண்டுமென்றே சொன்னேன். அவளுக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும். உன் நாக்கு என்ன நாக்கு என்று திட்டிவிட்டு, சாயங்காலம் இரண்டையும் போடச் சொல்லி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துக் காட்டினாள். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். மறுநாளும் குடித்துக் காட்டினாள். என் ஆயுளில் இவ்வளவு சந்தோஷமாக யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.

பாளை மார்க்கெட் பக்கம் ஒரு பேக்கரியில் ஹாட் சாக்லேட் என்று போர்டு பார்த்து, ஃபிளாஸ்கில் வாங்கிவந்தேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து நிதானமாகக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

"எவ்வளவு?"

"எண்பது ரூபாய்."

"எண்பது ரூபாய் குடுத்து நம்ம அலமாரியவே வாங்கிட்டு வந்திருக்கியேட்டி."

நான் நம்பவில்லை. வரிசையில் சாக்லேட் வாசனைப் பாட்டில் ஒன்று இருந்தது. அதைத் திறக்கவைத்து, பாலில் கொஞ்சம் சோளமாவு சேர்த்துக் காய்ச்சச் சொன்னாள். நான் குடித்துப் பார்த்தேன், ருசி அச்சு அசல் பேக்கரியில் வாங்கியதேதான். அப்படியானால் இனி இதையே குடிக்கலாமே, சும்மாதானே கிடக்கிறது என்று ஆசையாகக் கேட்டேன். பாட்டிலை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

"தெரியாமக் குடிச்சது கணக்குல வராது" என்றாள்.

ஜங்ஷன் பக்கம் புதிதாக ஒரு காபி கடை வந்திருக்கிறது. உள்ளே போனால் ஏசி குளிர் முட்டியைப் பிடிக்கும். பேகிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்த என்னைக் கல்லாவில் இருந்த பெண் விநோதமாகப் பார்த்தாள். கப்பில்தான் தருவோம் என்றாள். காகிதக் கப்பின் மேலே வெள்ளையாகக் கிரீம் சுற்றிக் கொடுத்தார்கள். ஆற்றுப்பாலம் தாண்டி வீடு வந்து சேர்வதற்குள் கிரீம் உருகி ஓரத்தில் எண்ணெயாக நின்றது. அக்கா குடித்துவிட்டு யோசித்தாள்.

"ருசி உண்டு. ஆனா பாதிக் காசு ஏசிக்கும் நாற்காலிக்கும். அதை நீ அங்கனயே விட்டுட்டு வந்துட்டியே."

நாங்குநேரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது நாலுவழிச்சாலை ஓட்டலில் மிஷின் பொத்தானை அமுக்கினால் வருகிறதைக்கூட வாங்கிவந்தேன். தண்ணீர்ப் பாலும் சீனியும் என்று அதற்கும் தீர்ப்பு எழுதினாள். இப்படியே எடை மெதுவாக இரண்டு கிலோ ஏறியது. அவள் ஃபேனைப் பார்த்தபடி நிற்பதும் நான் வாயைத் திறக்காமல் இருப்பதும் மாறவில்லை. ஆனால் கடைகள் தீர்ந்துவிட்டன. ஆன்லைனில் வாங்கலாம் என்றால், கையில் எடுத்துப் பார்க்காத சரக்குக்கு என்னத்தச் சொல்ல என்று முதலிலேயே தடை போட்டிருந்தாள். புதுசு ஒன்றும் வராமல் நாலு நாள் ஓடின. தட்டு மறுபடி தள்ளப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை மிஷினில் ஒரு இழை இறங்கியிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு வேலை செய்தேன். முதலில் வாங்கிய பாக்கெட்டில் மிச்சம் இருந்ததை எடுத்தேன். பாலை நன்றாகச் சுண்டவைத்துக் கலந்தேன். ஜங்ஷன் கடையின் காகிதக் கப்பைத் தூர எறியாமல் கழுவி வைத்திருந்தேன், அதில் ஊற்றினேன். வாசலில் ஸ்கூட்டரை ஒரு தடவை ஸ்டார்ட் செய்து அணைத்துவிட்டு, கப்போடு உள்ளே வந்தேன்.

"வண்ணார்பேட்டையில புதுசா ஒரு கடை திறந்திருக்கான்க்கா" என்றேன்.

அக்கா கப்பை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஒரு வாய் உறிஞ்சினாள்.

"ஏட்டி, இது மொத மொத வந்ததுல்லா?"

நான் ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டினேன்.

"கடையெல்லாம் தீந்துட்டா?"

"தீந்துட்டு" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கப்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மணிக்கட்டில் எலும்பு தனியாகத் தெரிந்தது.

"எடை எவ்வளவு இருக்கு?"

அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. "இன்னும் ஒரு கிலோ வேணும்க்கா" என்றேன்.

அக்கா திரும்பிக்கொண்டு மிச்சத்தையும் குடித்தாள். காலிக் கப்பை என் கையில் கொடுத்தாள்.

"அப்ப மொதல்ல இருந்து வா" என்றாள். "கருப்பட்டி போட்டுத் திரிச்சியே, அதையும் விட்டுராத."