பஞ்சுக்குப் பதில் பழந்துணி

சேலைக் கரையிலிருந்து நூலை உருவும்போது 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும், காய்ந்த வெங்காயத் தோலை உரிப்பது போல. வங்காளத்துப் பவானிபூரில் நாங்கள் குடியிருந்த பழைய வீட்டின் கீழ்த்தளத்தில், மழைக்கால மதியங்களில் எனக்குக் கேட்ட சத்தமெல்லாம் அது ஒன்றுதான். அம்மா காலை நீட்டி உட்கார்ந்து, நைந்துபோன சேலையின் கரையிலிருந்து இழை இழையாக உருவி, சில இழைகளைச் சேர்த்துக் கால் கட்டைவிரலில் மாட்டி முறுக்கி, எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டில் ஓர் இழுப்பு இழுத்தால் தையல் நூல் தயார். கடையில் நூற்கண்டு வாங்கலாமே என்று கேட்டால் முறைப்பாள். அப்பாவின் குமாஸ்தா சம்பளத்துக்கு மாதக் கடைசியில் மூச்சு வாங்கும்.

இந்த வித்தையெல்லாம் மாடி வீட்டுப் 'பௌதி' சொல்லிக்கொடுத்தது. பௌதி என்றால் அண்ணி. தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடும். பழஞ்சேலைகளை அடுக்கி வைத்து ஓட்டுத்தையல் போடும் மெத்தை விரிப்பை 'காந்தா' என்பார்கள். அதற்குக் கோடு போடத் தேய்ந்த சோப்புத் துண்டு, துணி நகராமலிருக்க நான்கு மூலையிலும் செங்கல், குண்டூசிக்குப் பதில் பௌதி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த ஈச்ச முள், விரலில் ஊசி ஏறாமலிருக்க சைக்கிள் டியூபில் நறுக்கிய உறை. உள்ளே வைக்கப் பஞ்சு வாங்க வழியில்லாததால் அதற்கும் பழந்துணிதான். பௌதிக்கு ஜுமு என்று ஒரு பெண் குழந்தை இருந்ததாகவும், நாங்கள் குடிவருமுன்பே காய்ச்சலில் போய்விட்டதாகவும் தெருவில் பேசிக்கொண்டார்கள். அவளாக அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அம்மா அப்போது உண்டாகியிருந்தாள். எனக்குப் பிறகு பிறந்த இரண்டும் தங்கவில்லை என்பதால் இந்தப் பிள்ளை பிழைக்க வேண்டுமே என்ற பயம் வீடு முழுக்க இருந்தது. அப்பாகூட மெதுவாகத்தான் இருமுவார். பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்தக் கூடாது, பிறர் உடுத்தித் தேய்த்த துணிதான் ஆகும் என்பது எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கம், வங்காளிகளுக்கும் அதேதான். ஆனால் ஊரில் என்றால் அம்மா 'யாரு உடுத்துனது?' என்று கேட்காமல் ஒரு கிழிசலைக்கூடக் கையால் தொடமாட்டாள். இங்கே, அரைகுறை வங்காளத்தில் அதை எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டு, பௌதி கொடுத்த மூட்டையை அப்படியே வாங்கிக்கொண்டாள். வயிறு பெருத்துக் குனிய முடியாமல் போனதால் உள்துணிகளை அடுக்கியதும் பௌதியேதான்.

கண்ணன் பிறந்தான், நன்றாகத்தான் இருந்தான். ஆனால் அந்தக் காந்தாவில் எங்கே கிடத்தினாலும் கொஞ்ச நேரத்தில் ஓரத்துக்கு நகர்ந்துவிடுவான். நடுவில் விட்ட இடத்தில் ஒரு கை மட்டும் நீண்டு, யார் விரலையோ பற்றிக்கொண்டது போல மூடியிருக்கும். அந்த இடத்தைத் தொட்டால், அப்போதுதான் யாரோ எழுந்து போனது போல வெதுவெதுப்பாக இருக்கும். நான் கையை இழுத்துக்கொள்வேன். பௌதி தினமும் மதியம் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடுப்பாள். அவள் தட்டியது கண்ணனை அல்ல, அவன் பக்கத்து வெற்றிடத்தை என்பதை அம்மாவும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

மழை விட்டு முதல் வெயில் அடித்த அன்று அம்மா காந்தாவைத் துவைத்து மொட்டை மாடிக் கொடியில் போட்டாள். நான் கண்ணனைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றேன். ஈரத்துணிக்குப் பின்னால் வெயில் ஏறியதும் உள்ளே நிழலாக ஒன்று தெரிந்தது: ஒரு சின்ன கவுன். இரண்டு கைகளையும் விரித்து, மல்லாந்து படுத்திருக்கும் பிள்ளையைப் போல.

"ஏட்டி, பிள்ளைய அந்தப் பக்கம் கொண்டு போ" என்றாள் அம்மா. குரல் அவளுடையதாக இல்லை. கீழே போய் பிளேடு எடுத்துவந்து ஓரத்தையலில் வைத்தபோது, படியேறி வந்த பௌதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரிக்காதீங்க, அக்கா. ஜுமு தனியா தூங்க மாட்டா" என்று வங்காளத்தில் சொன்னாள். கெஞ்சலாகக்கூட இல்லை, பசிக்கு அழுகிற பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்.

அம்மா அவள் கையை உதறினாள். "எம் பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருவாளே!" என்று தமிழில்தான் கத்தினாள். பிளேடு முதல் தையலை அறுத்ததும் கண்ணன் வீறிட்டு அழ ஆரம்பித்தான். அம்மா தூக்கினாள், பால் கொடுத்தாள், உலாத்தினாள். அழுகை நிற்கவில்லை, முகம் நீலம் பாரித்தது. பௌதி கொடியருகே போய் அந்த நிழலை மெல்லத் தட்டினாள். அழுகை சட்டென்று நின்றது. அம்மா பிளேடைத் தூர எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அவள் தன் முகூர்த்தச் சேலையை எடுத்து அதன் கரையிலிருந்து சிவப்பு இழைகளை உருவினாள். அந்தச் சேலையை அதுவரை என்னைத் தொடக்கூட விட்டதில்லை. கவுன் நகராதபடி அதைச் சுற்றி, கழுத்து, கை, பாவாடை என்று வடிவம் தப்பாமல் தைத்தாள். தைத்துக்கொண்டே, "இங்கனயே படுத்துக்க. அவனெ எங்கயும் கூப்பிடக் கூடாது, என்ன?" என்றாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக அதையே தன் உடைந்த வங்காளத்தில் இன்னொரு முறை சொன்னாள். அன்று அம்மா மேல் எனக்கு வந்த பிரியம் இன்னும் குறையவில்லை.

அந்த வீட்டை இடித்துவிட்டார்கள்; பௌதி எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய கரை நூலை உருவ இப்போது யாருக்கும் நேரமில்லை, கரியாஹாட் நடைபாதைக் கடைகளிலேயே காந்தா மடித்துக் கிடக்கிறது. கண்ணன் நியூ டவுனில் பெரிய அடுக்குமாடியில் இருக்கிறான், அவன் மனைவி மாசமாக இருக்கிறாள். போன வாரம் அம்மாவும் நானும் பெட்டியிலிருந்து அந்தக் காந்தாவை எடுத்து, துவைத்து, அவன் பால்கனியில் காயப்போட்டோம். வெயில் ஏறியது. சிவப்புத் தையல் ஒன்றுகூட அறாமல் கவுன் வடிவிலேயே இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை, வெளிச்சம் தடையில்லாமல் வந்தது. மெல்லிய துணி, நைந்து போயிருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். நானே நம்பவில்லை.

காபி கொண்டுவந்த தம்பி மனைவி தானாகவே பேச்செடுத்தாள். "கல்யாணமானதிலிருந்து நடுவுல ஒரு குழந்தை படுக்கிற அளவு இடம் விட்டு, கட்டில் ஓரத்துலதான் படுப்பார், அண்ணி. திட்டினாலும் மாறல. நான் உண்டானதிலிருந்து நடுவுல வந்து படுக்கறார்!"

அம்மா கொடியில் தொங்கிய காந்தாவைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் மருமகளின் வயிற்றில் கை வைத்து, குனிந்து, முதலில் வங்காளத்தில் ஏதோ சொன்னாள். அப்புறம்தான் தமிழில் சொன்னாள்: "மெதுவா வா, தாயி."