நாய்களுக்கு அளவு சொன்ன தணிகாசலம்

சென்ற மாதம் ஒரு காலை, எங்கள் ஊரின் போபோடிப் பகுதியிலிருந்து சரோஜா அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், அவரு போய்ட்டாரு" என்றார். அவருடைய கணவர் தணிகாசலம் அவர்கள் தூக்கத்திலேயே காலமாகியிருந்தார். நான் அழவில்லை. அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றை இனிச் சொல்லவே முடியாது என்பதுதான் அந்த நிமிடம் புரிந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராணுவ நாய்களுக்குச் சமைக்கும் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டு நாய் பெருத்துப்போனாலும் அவரிடம்தான் வருவார்கள். கிரானா என்கிற மளிகைக் கடையின் மூட்டைத் தராசில் நாயை அணைத்தபடி உட்கார்வார். பிறகு தான் மட்டும் உட்கார்ந்து, கழித்துச் சொல்வார். விலாவைத் தடவிப் பார்ப்பார். "எலும்பு கைக்குத் தட்டணும், கண்ணுக்குத் தெரியக் கூடாது" என்பார். ஒரு டம்ளரில் பெயிண்டால் கோடு போட்டுத் தருவார். வேளைக்கு அந்தக் கோடு வரைதான் தீனி.

வாகட்டிலிருந்து வந்த ஓர் ஐ.டி. பெண், "அங்கிள், இது குண்டு இல்ல, வெறும் முடிதான்" என்றாள். "முடிக்கு இவ்ளோ வஜனா, இவ்ளோ எடையா? அப்ப எனக்கும் கொஞ்சம் குடும்மா" என்று தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார்.

என் கணவர் இறந்த மறு வருடம் எங்கள் லாப்ரடார் மோத்தியை அவரிடம் அழைத்துச் சென்றேன். புத்தகப் பையை இறக்கி வைக்க முடியாத பிள்ளையைப் போல அது படிகளுக்குக் கீழேயே நின்றுவிடும். அவர் கோடு போட்டுக் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து நிறுத்துப் பார்த்தால் எடை குறையவில்லை.

"வேற எதாச்சும் குடுக்கிறீங்களா டீச்சர்?"

"இல்லையே" என்றேன்.

என் கணவர் தினமும் காலையில் காரி என்ற அடுக்கடுக்கான உப்பு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்து, பாதியை மோத்திக்குக் கொடுப்பார். அவர் போன பிறகும் அது அதே நேரத்துக்கு அதே நாற்காலியருகே வந்து உட்கார்ந்தது. நான் கொடுத்தேன். பாதி ஒன்றாகி, ஒன்று மூன்றானது.

தணிகாசலம் அவர்கள் டம்ளரில் கோட்டைக் கீழே இறக்கினார். அடுத்த மாதம் இன்னும் இறக்கினார். கால்நடை மருத்துவர் மோத்தியின் ரத்தம் எடுத்துப் பார்த்தார். நோய் எதுவும் இல்லை. "வீட்டில் யாராவது ரகசியமாகத் தின்னக் கொடுக்கிறார்களா?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் தணிகாசலம் அவர்கள் இந்தியில் பதில் சொன்னார்: இவர் ஆசிரியை, பொய் சொல்ல மாட்டார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோடு இறங்க இறங்க மோத்திக்குப் பசி கூடியது. அது என் முகத்தையே பார்க்கும். நான் இன்னும் கொடுப்பேன். மழைக்காலத்தில் எடை தாங்காமல் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. சில வாரங்களில் அது போய்விட்டது. குழியில் இறக்குமுன் அவர் ஒருமுறை அதன் விலாவைத் தடவினார். "என் கை ஏமாத்திடுச்சு டீச்சர்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் கோடு போடவில்லை. வந்தவர்களை, "என் அளவு தப்பு சார். ஒரு ஜீவன நடக்க முடியாம பண்ணிட்டேன்" என்று திருப்பி அனுப்பினார். அதைக் கேட்டும் நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை. நாளை போகலாம் என்று ஒரு வருடம் இருந்துவிட்டேன்.

பதினாறாம் நாள் போனேன். கூடத்தில் உறவினர்களும், அவர் இளைக்க வைத்த நாய்களின் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். சமையலறையில் சரோஜா அம்மாள், "கடைசி வாரம்கூட மோத்தியப் பத்தித்தான் பேச்சு. எங்க தப்புப் பண்ணேன், எங்க தப்புப் பண்ணேன்னு" என்றார்.

அப்போதுதான் பிஸ்கட் கொடுத்ததைச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"இத என்கிட்ட சொல்லி என்ன? அங்க போய்ச் சொல்லுங்க. அத்தினி பேரும் அவரு மேலதான் தப்புன்னு நெனச்சிட்டிருக்காங்க."

கூடத்து நிலைப்படியில் போய் நின்றேன். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்துகொண்டேன். பேசவில்லை.

அதனால் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். தணிகாசலம் அவர்களின் அளவு சரியாகவே இருந்தது. நான் ஒளித்துத் தின்னக் கொடுத்தேன். கேட்டபோது பொய் சொன்னேன்.

இதுவரை எழுதியதை இன்று காலை சரோஜா அம்மாளிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கணவரின் படத்துக்கு முன் நின்று, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். முடித்த பிறகும் என் பக்கம் திரும்பவில்லை.

ஐயா, போய் வாருங்கள்.