எம்.டி. வரிக்கணக்கு காட்டிய கதை

அவர் வாஷிங் மிஷின் பழுது பார்ப்பவர். கம்பெனி வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கிய நாளிலிருந்து வீட்டில் அவருக்குப் பெயர் எம்.டி. அந்த நிறுவனத்தின் நிர்வாகி, மெக்கானிக், டிரைவர் எல்லாரும் ஒரே ஸ்கூட்டரில்தான் போய்வந்தார்கள். நெரிசல் இருந்ததில்லை, எல்லாரும் அவரே.

தொழில் எப்படி என்று யார் கேட்டாலும் எம்.டி. ஒரே பதில் வைத்திருந்தார்: "பழைய சம்பளத்தைப் போல மூணு மடங்கு." அடக்கம் காரணமாகத்தான் நாலு என்று சொல்லவில்லை. வந்தது பழைய சம்பளத்தில் பாதிதான் என்பது அவருக்கும், காய்கறிப் பையின் கனம் தெரிந்த மனைவிக்கும் மட்டுமே வெளிச்சம்.

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய நாலே நாள் பாக்கி இருந்தபோது, மனைவியின் தம்பி லேப்டாப்போடு வந்து இறங்கினான். பெரிய அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவு குமாஸ்தா. அத்தானிடம் காசு வாங்க மாட்டான். அது எவ்வளவு ஆபத்தான இலவசம் என்று எம்.டி.க்கு அப்போது உறைக்கவில்லை.

"பில் புக் எங்கே அத்தான்?"

"எல்லாம் பக்காவா இருக்கு மாப்ளே. ஒவ்வொரு மிஷினுக்குப் பின்னாலயும் ஸ்டிக்கர் ஒட்டி, தேதி, வேலை, வாங்கின காசு, மொத்தமும் எழுதிருவேன்."

"சரி, அதோட நகல்?"

"நகல் எதுக்கு? மிஷின் எங்கே ஓடிடப் போகுது?"

ஆக, எம்.டி.யின் கணக்குப் புத்தகம் அறுபத்தேழு வீடுகளில், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தது.

மைத்துனன் சளைக்கவில்லை. "விடுங்க. நீங்கதான் மூணு மடங்குன்னு வாய் ஓயாம சொல்லியிருக்கீங்களே!" பழைய சம்பளத்தை மூன்றால் பெருக்கி, பன்னிரண்டால் பெருக்கித் தட்டினான். திரை கொஞ்சம் யோசித்துவிட்டுக் கட்ட வேண்டிய வரியைக் காட்டியது. அது எம்.டி.யின் எட்டு மாத உண்மையான வருமானம். ஜம்பத்துக்கும் வரி உண்டென்று யாரும் அவரிடம் சொல்லி வைத்திருக்கவில்லை.

"செலவு காட்டிக் குறைக்கலாமே மாப்ளே?" குரல் உள்ளே போயிருந்தது.

"தேய்மானம்னு ஒரு கட்டம் இருக்கு. தொழில்ல தேஞ்சு போனது ஏதாவது?"

"என்னைப் போடுடா" என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

கடன் வாங்கியாவது கட்டித் தொலைக்கலாம் என்று எம்.டி. முடிவுக்கே வந்துவிட்டார். கௌரவத்தைத் தவணையில் வாங்குவது ஒன்றும் புதிதல்ல. அப்போதுதான் மைத்துனன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான்.

"இதையும் ஒரு பார்வை பாருங்க அத்தான். நாளைக்கு ஆபீஸ்ல குடுக்கப் போறேன்."

ராஜினாமாக் கடிதம். 'சொந்தத் தொழில் தொடங்க இருப்பதால்' என்று முத்து முத்தான கையெழுத்து.

"உங்களைப் பார்த்துத்தான் தைரியமே வந்துச்சு."

கரண்டிச் சத்தம் நின்றது. மனைவி வந்து கதவோரம் நின்றாள். தம்பிக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். போன மாதம்தான் மூன்றாவது. அவள் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு விலக்கு கோர எந்தப் படிவத்திலும் இடமில்லை.

எம்.டி. தொண்டையைச் செருமினார். "மாப்ளே, அந்த மூணு மடங்குல... ரெண்டரை மடங்கு என் கைச்சரக்கு."

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அக்கா தலையாட்டினாள். அவன் திரையிலிருந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாக அழித்தான். ஒவ்வொரு தட்டலும் எம்.டி.யின் மண்டையிலேயே விழுந்தது.

மறுநாள் மைத்துனன் லீவு போட்டான். இருவரும் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போனார்கள். எம்.டி. மிஷினை இழுத்துப் பிடிக்க, மைத்துனன் பின்னால் புகுந்து, தலையெல்லாம் ஒட்டடையோடு, டார்ச் அடித்து ஸ்டிக்கரைப் படித்துக் குறித்துக்கொண்டான். குறிக்க வேறு தாள் இல்லை. ராஜினாமாக் கடிதத்தின் முதுகுதான் காலியாக இருந்தது. இருபதாவது வீட்டில், அதுவரை சேர்ந்ததைக் கூட்டிப் பார்த்துவிட்டு, முன்பக்கத்தைக் குறுக்கே நீளமாகக் கோடு போட்டு அடித்தான்.

அடுத்த வீட்டம்மா கதவைத் திறந்ததும் முகம் மலர்ந்தார். "அட, ஆளெல்லாம் வச்சுட்டீங்களா! தொழில் நல்லாப் போகுது போல?"

எம்.டி.யின் மார்பு தானாகவே ஓர் அங்குலம் நிமிர்ந்தது.

"அத்தான்," முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது, "வாயைத் திறக்காதீங்க."