முதல் வரிசையில் ஒரு நாற்காலி

இரண்டாவது பீரியட் நடந்துகொண்டிருக்கும்போது அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது: தேவசகாயம் சார் காலையில் போய்விட்டார். ஓய்வு பெற்று ஆறு வருடங்கள் ஆகியும் எங்கள் பள்ளியில் இயற்பியல் சார் என்றால் அவர்தான். வகுப்பை முடித்துவிட்டே கிளம்பினேன். அவரும் அப்படித்தான் செய்திருப்பார்.

உங்களில் பலருக்கு அவருடைய நாடகம் நினைவிருக்கும். மேடையில் வசனம் மறந்து நின்றார் என்றும் நினைவிருக்கும். துக்க வீட்டிலேயே ஒருவர் அதைச் சொல்லிச் சிரித்தார். சார் மறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவர் பிடிவாதக்காரர். தேறாத ஒரு மாணவனுக்கு ஒரே ஒரு மார்க் கூட்டிப் போடும்படி தலைமையாசிரியர் கேட்டபோது, "எழுதினதுக்குத்தான் சார் மார்க். நினைச்சதுக்கு இல்ல" என்றார். மகன் எட்வினிடமும் அதே கண்டிப்புதான். இன்ஜினீயரிங் படிப்பைப் பாதியில் விட்டுத் திருமுடிவாக்கத்தில் லேத் வேலைக்குப் போனவனை, "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று அனுப்பிவிட்டார். சமாதானம் பேசத் தாயும் இல்லை. ஒரு மணி நேர பஸ் தூரம்தான். அந்த நாடகத்துக்கு முன் இரண்டு வருடம் இருவரும் அதைக் கடக்கவில்லை.

தாம்பரத்தில் அவர்கள் சர்ச் ஹாலில் டிசம்பர் தோறும் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் போடுவார்கள். அதில் கோபித்துக்கொண்டு போன மகன் கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை வாசலில் வந்து நிற்பான். சாப்பிட உட்கார்ந்த அப்பா நிமிர்ந்து பார்த்து, "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாப்பா, சோறு ஆறுது" என்பார். ஹால் முழுக்கக் கூடவே சொல்லும். எண்பதுகளின் கடைசியில் ஒரு வருடம் படச்சுருள் கிடைக்கவில்லை. சார் ஞாபகத்திலிருந்தே அதை நாடகமாக எழுதினார். அப்பா வேடம் அவருக்கு. திரைக்குப் பக்கத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு.

"எனக்கு இந்த மாதிரிக் கதையில நம்பிக்கை இல்ல சார். போனவங்க பண்டிகை பார்த்துத் திரும்பி வர்றதில்ல" என்றேன்.

"அதான் உங்களைக் கேக்கறேன் மிஸ். மத்தவங்க அழுதுகிட்டு நிப்பாங்க."

எட்வினுக்கு அழைப்பிதழ் மட்டும் தபாலில் அனுப்பினார். கடிதம் வைக்கவில்லையா என்று கேட்டேன். "அவனுக்குச் சொல்ல வேண்டியது நாடகத்துலயே இருக்கு" என்றார். அன்று மாலை முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் தன் துண்டைப் போட்டுவைத்தார்.

மகனாக நடித்தவன் வாசலில் வந்து நின்றான். சார் அவனைப் பார்க்கவில்லை. முதல் வரிசையைப் பார்த்தார். துண்டு அப்படியே கிடந்தது. அவர் வாய் திறக்கவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும். மூன்றாவது முறை சொன்னது ஹாலுக்கே கேட்டிருக்கும்.

"இன்னா சார், புள்ள நின்னுகினே கீது! உள்ள கூப்புடு!" என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஹாலே சேர்ந்து அந்த வசனத்தைச் சொன்னது. திரையை இழுத்தோம்.

உள்ளே முகத்தைத் துடைத்துக்கொண்டே சார் சொன்னார்: "காதுல விழுந்துச்சு மிஸ், மூணு தடவையும். அவன் வந்திருந்தா சொல்லியிருப்பேன்."

அடக்கத்தன்று எட்வின் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே தனியாக நின்றிருந்தான். அந்த நாற்காலியைப் பற்றிச் சொன்னேன்.

"வந்தேன் மிஸ்" என்றான். "பஸ் லேட்டு. பின்னாடி கதவுகிட்ட நின்னேன். ஹால் மொத்தமும் சொல்லுது, அவர் மட்டும் சொல்லல. நடிப்புக்குக்கூட அவர் வாயில வரலையேன்னு திரும்பிட்டேன். அப்புறம் வீட்டுப் பக்கம் போகவே இல்ல."

மேடை விளக்கு கண்ணில் அடிக்கும்போது முதல் வரிசைக்கு அப்பால் எதுவும் தெரியாது என்றேன். உள்ளே அவர் சொன்னதையும் சொன்னேன்.

"அப்பவே எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே மிஸ்" என்றான்.

சொல்லியிருக்கலாம். அடுத்தவர் குடும்ப விஷயம் என்று இருந்துவிட்டேன்.

அந்த நாடகப் பிரதி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அந்த வசனத்துக்குப் பக்கத்தில் பென்சிலில் சாரின் கையெழுத்து: "இதை எடுத்துக் கொடுக்க வேண்டாம். நானே சொல்வேன்."