லாரித் தூசி என்று நினைத்தேன்

என் மகளுக்குப் பத்தொன்பது வயது. கரும்புத் தோகை கீறிப் புண்ணான வலது கண்ணில், இறந்த ஒருவரின் கருவிழியைப் பொருத்தி ஒன்றரை ஆண்டாகியிருந்தது. பார்வை நன்றாகத் தெரிந்ததால் எங்களுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது.

ஒரு நாள் அரியலூரில் கல்லூரி முடிந்து வந்தவள், "அம்மா, கண்ணு கூசுதும்மா" என்றாள். கண் சிவந்திருந்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் எங்கள் சாலையில் எல்லார் கண்ணும் அப்படித்தான் சிவக்கும். "லாரித் தூசிடி. கழுவிட்டுப் படு" என்றேன். நான்காம் நாள், "பொகை மூட்டமா தெரியுது" என்று அழுதாள்.

திருச்சியில் மருத்துவர், "எத்தனை நாளா?" என்று கேட்டார். சொன்னேன்.

"அன்னைக்கே வந்திருந்தா சொட்டு மருந்துலயே நிறுத்தப் பாத்திருக்கலாங்க. வச்ச கருவிழிய உடம்பு அந்நியமா நெனச்சுத் தாக்கிடுச்சு. உள்பக்கச் செல்லெல்லாம் செத்துட்டதால தண்ணி ஏறி வீங்கி, வெளுத்துப்போச்சு. அந்தச் செல்லு திரும்ப வளராது."

மருந்து கொடுத்தும் தெளியவில்லை. இன்னொருவரின் கருவிழிக்காக ஏழு மாதம் காத்திருந்து, மறுபடி பொருத்தினோம்.

இப்போது தினமும் காலையில் அவளுடைய இடது கண்ணை மூடச் சொல்லி, நாள்காட்டித் தாளில் ராகுகாலத்தைப் படிக்க வைக்கிறேன். "நல்ல நேரத்தப் படிக்கச் சொல்லேம்மா" என்று கேலி செய்கிறாள். தடுமாறினால் அன்றே திருச்சிக்கு பஸ் ஏறுவது என்று முடிவு. அவள் படித்து முடிக்கும்வரை என் கை தாளைக் கிழிப்பதில்லை.