இரண்டு சபைகளும் அக்காவின் கைகளும்

எனக்குப் பொறுமை கிடையாது. வரிசையில் நின்றால் முன்னால் நிற்பவரின் முதுகை முறைத்துக்கொண்டே நிற்பேன். அப்படிப்பட்ட நான் ஒரு வருடத்துக்கு மேல், முகம் தெரியாத மனிதர்களுக்கு மெயில் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன் என்றால் அதற்குக் காரணம் என் அக்காதான்.

அக்காவுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. அத்தானுக்கும் அப்படியே. பாளையங்கோட்டையில் படிக்கும்போது பழகி, இரண்டு வீட்டாரையும் மல்லுக்கட்டிச் சம்மதிக்க வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அத்தான் குவைத்தில் ஒரு தையற்கடையில் வேலை பார்க்கிறார். அக்கா எங்களோடு தென்காசியில், குற்றாலம் ரோட்டு வீட்டில் இருக்கிறாள். இருவருக்கும் பேச்சு என்றால் கைதான். வீடியோவில் முகம் பார்த்துப் பேசினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எழுதி அனுப்பலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்து அக்காவுக்கு இரண்டாவது மொழி. நான் இங்கிலீஷில் காதல் கடிதம் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும் அது.

எங்கள் பக்கம் நெட்வொர்க் எப்போதுமே சுமார்தான், அருவியில் சீசன் தொடங்கிவிட்டால் படுத்தேவிடும். அருவிக்கு வருகிற அத்தனை பேர் கையிலும் போன். குளித்ததை அங்கேயே நின்று உலகத்துக்குக் காட்டியாக வேண்டும். இங்கே எங்கள் வீட்டில் படம் உடையும். அத்தானின் கை மேலே போகும், நிற்கும், பிறகு திடீரென்று கீழே இருக்கும். நடுவில் என்ன சொன்னார் என்பது காற்றோடு போய்விடும். அப்போது அக்கா என்னைக் கூப்பிடுவாள். அவள் கையால் சொல்வதை நான் மெசேஜாக அடிப்பேன். அத்தான் தனக்குத் தெரிந்த துண்டுத் தமிழில் பதில் போடுவார். அதைக் கோத்து நான் அக்காவுக்குக் கையால் சொல்வேன். சாப்பிட்டாச்சா, உடம்பு எப்படி, அங்கே வெயிலா. மூன்று வருடமாகப் புருஷன் பெண்டாட்டி பேச்சு இவ்வளவுதான். தங்கச்சியை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு வேறென்ன பேச முடியும்?

ஒருநாள் அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் கையால் சொல்வதை நான் எப்போதும் எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் மனதில் கேட்பேன். அப்படியே எழுதுகிறேன்.

"ஏட்டி, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நீ எதுக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. இதை எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

சரிசெய்ய எனக்கு ஒரு வழியும் இருந்தது. நான் வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னை கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். மருத்துவர்களும் நோயாளிகளும் பிரவுசரில் முகம் பார்த்துப் பேசும் பக்கங்களைச் செய்வதுதான் எங்கள் தொழில். ஆகவே படம் ஏன் உடைகிறது என்று எனக்குத் தெரியும். நெட்வொர்க் மெலிந்தால் எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். பிரவுசர் முதலில் குரலைக் காப்பாற்றும், மிச்சம் மீதி இருப்பதைப் படத்துக்குக் கொடுக்கும். காது கேட்பவர்களுக்கு அது நியாயம். அக்காவுக்கோ, வேண்டாத குரலைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு வேண்டிய கையைக் கோட்டைவிடும் ஏற்பாடு.

இந்த விதிகளை எழுதுவது எந்த அரசாங்கமும் இல்லை. இரண்டு சபைகள். வலைப்பக்கமும் பிரவுசரும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒன்று எழுதுகிறது. தகவல் கம்பி வழியே எப்படிப் போக வேண்டும் என்று இன்னொன்று எழுதுகிறது. பெயர்கள் எதற்கு? நான் வீட்டில் பக்கச் சபை, பாதைச் சபை என்றுதான் சொல்வேன். இதற்கு அது மேலில்லை, அதற்கு இது மேலில்லை. இரண்டுக்கும் பொதுவாகத் தட்டிக்கேட்க ஒரு ஆளும் கிடையாது. கடையில் ஒருவரையொருவர் கவிழ்க்கப் பார்க்கும் கம்பெனிகளின் ஆட்கள் இங்கே ஒரே மேசையில் உட்கார்ந்து விதி எழுதுகிறார்கள். இது நடக்கும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

முதலில் பக்கச் சபைக்கு எழுதினேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம், கட்டணம் இல்லை, சிபாரிசு இல்லை. நான்கு நாளில் பதில் வந்தது. நீங்கள் கேட்பதில் பாதி எங்களுடையது இல்லை, பாதைச் சபையுடையது என்றிருந்தது. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. இந்தப் பாட்டைக் கேட்காத ஊரா இது? இந்த சன்னலில் இல்லை, அந்த சன்னலுக்குப் போங்கள். மடிக்கணினியைப் படாரென்று மூடிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தேன். அப்போதுதான் அடுத்த வரியைப் பார்த்தேன். அந்தப் பாதியை நாங்களே அவர்களுக்கு எழுதிவிட்டோம், நகல் இதோ, நீங்கள் அலைய வேண்டியதில்லை. அதை மூன்று முறை படித்தேன். எனக்காக ஒரு காகிதம் தானாக நடந்து போனது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இரண்டு சபைகளுக்கும் நடுவே தூது போவதற்கென்று ஒருவர் இருந்தார். இரண்டு கூட்டங்களிலும் உட்காருவார். ஒரு சபை ஒத்துக்கொண்டு எழுதியதை எடுத்துப்போய் அடுத்த சபையில் படிப்பார். தன் சொந்தக் கருத்து ஏதாவது இருந்தால், "இனி நான் எனக்காகப் பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அது குறிப்பிலும் அப்படியே ஏறும். எங்கள் வீட்டில் அடுக்களையில் சொன்னதை வாசலுக்குக் கொண்டுபோவதற்குள் கண் மூக்கு வைத்துவிடுவோம். நானும் அதில் சளைத்தவளில்லை. அத்தானின் துண்டு வார்த்தைகளில் நான் எவ்வளவு சேர்த்திருப்பேனோ என்று அந்த மனிதரைப் பார்த்த பிறகுதான் யோசித்தேன்.

இன்னொரு பழக்கமும் எனக்குப் பிடித்தது. ஒரு சபை எழுதியதை மற்ற சபை திரும்ப எழுதாது. இன்ன ஆவணத்தில் இன்ன பகுதியைப் பார்க்க என்று சுட்டிக்காட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும். ஒரே விஷயத்துக்கு இரண்டு பிரதி இருந்தால் நாளடைவில் ஒன்று இப்படியும் ஒன்று அப்படியும் போய்விடும் என்ற பயம். தான் எழுதியதுதான் உசத்தி என்று நினைக்காதவர்களால்தான் இது முடியும்.

ஆறேழு மாதத்தில் இரண்டு பக்கமும் ஒரு வரைவு தயாரானது. பக்கம் பிரவுசரிடம் "இது சைகைப் பேச்சு, நெட்வொர்க் மெலிந்தால் படத்தின் தெளிவைக் காப்பாற்று" என்று சொல்லலாம். தெளிவு என்பது நான் கேட்டது. என் மெயிலில் இருந்த சொல் அப்படியே அங்கே ஏறியிருந்ததைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வரைவை வைத்து ஒரு சோதனைப் பக்கம் செய்தேன். கூட்டம் நெரியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து அக்காவிடம் கொடுத்தேன். அத்தான் திரையில் வந்தார். சட்டைப் பொத்தானில் நூல் எந்த நிறம் என்று சொல்லிவிடலாம், அவ்வளவு துல்லியம். ஆனால் நின்று நின்று வந்தார். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"போட்டோ நல்லாருக்கு. ஆளு எங்கட்டி?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சைகையை நான் பிறகு கற்றுக்கொண்டவள். ஒவ்வொரு கைநிலையாகப் பார்த்து, எழுத்துக்கூட்டிப் படிப்பதுபோல் படிக்கிறவள். எனக்குத்தான் தெளிவான படம் வேண்டும். அக்கா படிப்பது கை நிற்கும் இடத்தை இல்லை, கை போகிற போக்கை.

"மூஞ்சி மங்கலா இருந்தா இருந்துட்டுப் போட்டும். கை நிக்கப்படாது. இதை ஒருநாளும் நீ எங்கிட்ட கேக்கலயே."

கேட்கவில்லைதான். அவளுக்காகத்தான் இத்தனையும் என்று ஊரெல்லாம் எழுதினேன், பக்கத்து அறையில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு சபைகளை, எத்தனையோ நாட்டு மனிதர்களை, தப்பான திசையில் ஆறேழு மாதம் நடக்கவைத்திருக்கிறேன். பேசாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் இரண்டு சபைக்கும் எழுதினேன். நான் சொன்னது தவறு, கேட்க வேண்டியவரிடம் கேட்காமல் எழுதிவிட்டேன் என்று.

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன். வந்த பதிலில் ஒரு கடுஞ்சொல் இல்லை. விதியாகி பிரவுசர்களுக்குள் போவதற்கு முன்னால் சொன்னதற்கு நன்றி என்றிருந்தது. கடைசி வரி, உங்கள் அக்கா எங்களிடம் நேரடியாகப் பேசுவாரா என்று கேட்டது.

இரண்டு சபையும் சேர்ந்து ஒரு கூட்டம் வைத்தன. நமக்கு அது மாலை ஏழு மணி. அக்கா பின்னால் ஒரு வெள்ளைப் போர்வையைக் கட்டினாள், கை எடுப்பாகத் தெரிவதற்கு. பூப்போட்ட சேலையை மாற்றிவிட்டுக் கருநீலச் சுடிதார் போட்டுக்கொண்டாள். திரையில் நாற்பது பேர் இருப்பார்கள். அக்கா கையால் சொல்ல, நான் இங்கிலீஷில் சொன்னேன்.

ஐந்து நிமிடம் போயிருக்கும், வெளியே சாரல் வலுத்தது. படம் உடைய ஆரம்பித்தது. அக்காவின் கை பாதியில் உறைந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். என் குரல் மட்டும் மணியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா என் முன்னால் இருக்கிறாள், எனக்குத் தெரிகிறது, நானே சொல்லி முடித்துவிடலாம் என்று தொடர்ந்தேன். பாதைச் சபையின் தலைவர் குறுக்கிட்டார்.

"மன்னிக்கவும். நீங்கள் பேசுவது கேட்கிறது. ஆனால் பேசுகிறவர் அவர். அவர் கை தெரியும்வரை காத்திருப்போம்."

காத்திருந்தார்கள். நாற்பது பேர், பாதிப்பேருக்கு அது வேலை நேரம். நான் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள். படம் சரியானதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். அதற்குப் பிறகு யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை, கண்ணாலேயே பார்த்துவிட்டார்களே. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த மனிதர்கள்மேல் வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

பாதைச் சபையில் ஓட்டெடுப்பு கிடையாது. ஒரு யோசனை பிடித்திருந்தால் வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று முனகுவார்கள், முனகல் பலமாக இருந்தால் ஏறக்குறைய சம்மதம் என்று அர்த்தம். பக்கச் சபையில் எழுதிச் சொல்வார்கள். வரைவில் தெளிவு என்றிருந்ததை அசைவு என்று மாற்றலாமா என்பதை அன்றைக்கு யார் பழக்கப்படி முடிவுசெய்வது என்று முதலில் இரண்டு தலைவர்களும் பேசிக்கொண்டார்கள். முனகல் வேண்டாம், அதைக் கேட்க முடியாத ஒருவர் நம்மோடு இருக்கிறார், திரையில் கை உயர்த்தும் பொத்தான் போதும் என்று முடிவானது.

"எனக்கும் உண்டா?" என்று அக்கா கேட்டாள். கூட்டத்தில் இருக்கும் எல்லாருக்கும் உண்டு என்றார்கள். அழுத்தினாள்.

அத்தோடு முடிந்துவிடவில்லை. கூட்டத்தில் எடுத்த முடிவு முடிவில்லை, வராதவர்களும் பார்க்க வேண்டும் என்று இரண்டு சபையும் தத்தம் அஞ்சல் பட்டியலில் இரண்டு வாரம் அதை வைத்தன. ஒரு மறுப்பு வந்தது. படத்துக்கு முன்னுரிமை கேட்கலாம் என்றால் நாளைக்கு விளம்பரக்காரன் பக்கமும் கேட்குமே, அடுத்தவர் பாதையை அடைத்துக்கொள்ளுமே என்று. நல்ல கேள்வி. ஒரு பக்கம் தன் குரலையும் படத்தையும் தனக்குள் மாற்றி வரிசைப்படுத்தலாம், அடுத்தவர் வரிசையில் நுழையக் கூடாது என்று சேர்த்தார்கள். அக்காவிடம் சொன்னேன். "அது நியாயந்தான்" என்றாள்.

அடுத்த சீசனில்தான் எங்கள் பிரவுசருக்கு அது வந்து சேர்ந்தது. ஒரு ஞாயிறு மதியம், குற்றாலம் ரோட்டில் வண்டிகள் நகரவில்லை, நெட்வொர்க் வழக்கம்போல் நூலாக இருந்தது. அக்கா அத்தானைக் கூப்பிட்டாள். அத்தானின் முகம் நனைந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதுபோல் கலங்கித் தெரிந்தது. கை மட்டும் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அவ்வளவு வேகமாக அவர் பேசி நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பாதி பிடிபடவில்லை.

அக்கா கொஞ்ச நேரம் சிரித்துப் பேசினாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, "எப்ப வாரீய?" என்று கேட்டாள். இத்தனை வருடமாக நானும் அடித்து அனுப்பிய கேள்விதான் அது. "படம் தெரியல, பெறகு சொல்லுதேன்" என்று பதில் வரும், அத்தோடு போய்விடும். அன்றைக்கு அத்தான் தலை குனிந்தார். கையை உயர்த்தினார்.

அவர் சொல்லத் தொடங்குவதற்குள் அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ கொஞ்சம் வெளிய போ."

போனேன். கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே வளையல் சத்தமும், உள்ளங்கையை உள்ளங்கையில் அடிக்கும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தன. சண்டைதான். சரியான சண்டை. ஒரு மணி நேரம் இருக்கும். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள், கண் சிவந்திருந்தது.

"அத்தான் என்ன சொன்னாவ?" என்று கேட்டேன்.

"அது எங்களுக்குள்ள" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தாள்.

என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.